ஏழு மாதப் பேச்சு

மோரின் கடைசி மடக்கு தொண்டையில் இறங்கியபோது நாக்கின்மேல் மாவாக ஏதோ தங்கியது. பல்பத்தைக் கடித்தது போன்ற ருசி. தாட்சாயணி டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒரு வட்டம்.

இடுப்பு வலிக்கென்று போன வருஷம் அவள் தின்ற சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளின் ருசி அது. தின்னத் தின்ன புத்திதான் கலங்கியது. கழுத்துக்குள் அரிசியளவு இருக்கவேண்டிய சுரப்பி வீங்கிப்போய், எலும்பிலிருந்த சுண்ணாம்பையெல்லாம் ரத்தத்தில் கரைத்துக்கொண்டிருந்ததைத் திருப்பதி டாக்டர்தான் கண்டுபிடித்தார். அதற்குள் ஏழு மாதம் போயிருந்தது.

அந்த ஏழு மாதமும் மகள் ஹர்ஷினி செத்துப்போனது அவளுக்கு ஞாபகமில்லை. இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போன மகள், பிரசவ வலியில் வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தாள். எடுத்தவர் அப்பா வேதாச்சலம். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார், பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. தாட்சாயணி பார்த்தது பிணத்தைத்தான். அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசியதில்லை.

கலங்கிய புத்தி அதையும் மறந்திருந்தது. தினம் மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னாங்க, ஹர்ஷினி போன் பண்ணாளா?" என்று கேட்பாளாம். "பண்ணா. நல்லா கீறா" என்பாராம் அவர். பக்கத்து வீட்டு சபீனா பிற்பாடு சொன்னாள். ஆபரேஷன் முடிந்து தலை தெளிந்த அன்று மகள் இரண்டாம் முறை செத்தாள். தாட்சாயணியின் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

திருச்சானூர்த் தெருவில் ஷேர் ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூவும் சத்தம் தேய்ந்து, வெயில் மட்டும் மிஞ்சும் நேரம். சமையலறையில் டம்ளரின் அடி கல்லில் அரைபடும் சத்தம் கேட்டது. கரக். கரக். பத்து நாளாகக் கேட்கிறாள். புருஷன் மிளகு பொடிக்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

அவர் கொல்லைக்குப் போனதும் எழுந்து போய்ப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் ஒரு பை நிறைய, உரித்த சுண்ணாம்பு மாத்திரை அட்டைகள். ஆபரேஷனுக்கப்புறம் ஆறு வாரம் மட்டும் அது போதுமென்று டாக்டர் எழுதியிருந்தார். நாலு மாதம் ஆகிறது.

சபீனா வீட்டுக்கு ஓடினாள். "மோர்ல மாத்திரை கலக்குறாரு."

சபீனாவின் முகத்தில் இரக்கம்தான் வந்தது. "போன வருஷம் டேங்க் தண்ணியில விஷம்னு தெருவையே கூட்டினியேக்கா. அப்புறம் நீயே அழுதே." கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டாள். "அண்ணா, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. ஜாக்கிரதையா பாத்துக்கோ."

வேதாச்சலம் தாழ் போட்டார்.

நாக்கு செங்கல்லாக வறண்டிருந்தது. அந்த நோயின் தாகம். தண்ணீர்க் குடத்தைத் தேடினாள். கவிழ்த்து வைத்திருந்தது. சமையலறைக் கதவு பூட்டிக் கிடந்தது. கட்டிலருகே புதிதாக ஒரு டம்ளர் மோரோடு அவர் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை. கண்தான் ஈரமாக இருந்தது.

"பதினோரு வருஷத்துல நீ என்னோட பேசுனது அந்த ஏழு மாசந்தான், தாட்சாயணி. அப்ப அவளும் உயிரோட இருந்தா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஹர்ஷினி செத்துவிட்டாள். இவர்தான் போனை வைத்தார். உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹர்ஷினி செத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை. செவ்வாயா? பச்சைப் புடவை போர்த்தியிருந்தார்கள். பச்சை. யாரைப் போர்த்தினார்கள்?

தாகம்.

மின்விசிறி. வெயில். தாகம்.

கை தானாக நீண்டது. டம்ளர் சில்லென்றிருந்தது. ஒரே மூச்சு.

யாரோ கனிவாகப் பேசினார்கள். அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"என்னாங்க, ஹர்ஷினி போன் பண்ணாளா?"

அவள் உதட்டிலிருந்த வெள்ளையை அவர் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.

"இப்பதான் பண்ணா."

காலி டம்ளரின் வயிற்றில் அவள் முகம், வளைந்து, சிரித்துக்கொண்டிருந்தது.