ஒட்டாத வைரஸ்

"ஐயோ... கொலை!"

1968, அக்டோபர். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருந்த ஆய்வுக்கூடம் அதிர்ந்தது!

போனில் அலறியவர் டைரக்டர் கோதண்டபாணி.

இன்ஸ்பெக்டர் விருத்தகிரி ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"பொணம் எங்க?"

"இதோ... இந்தப் பீங்கான் தட்டுல!"

தட்டில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

"ரத்தம்!"

"கோழி ரத்தம் சார்," என்றாள் உதவியாளர் வாசுகி.

"செத்தது என்னோட ஃப்ளூ வைரஸ்!" கோதண்டபாணி குதித்தார். "நாளைக்கு அதைப் பாக்க டெல்லிலேர்ந்து ஆபீசருங்க வராங்க. முட்டைக்கு ஊசி போட்டவ இவதான். ஏதோ விஷத்தைக் கலந்துட்டா. உள்ள தள்ளுங்க!"

வாசுகி தட்டை முன்னால் இழுத்தாள். வேலை போகட்டும்... லாக்கப்!

"சார், ஒரு நிமிஷம். முட்டையிலேர்ந்து எடுத்த நீரைக் கோழி ரத்தத்தோட கலந்து பாப்போம். அதுல வைரஸ் இருந்தா ரத்த அணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, வலை மாதிரி விரிச்சிடும். இல்லன்னா அணுக்கள் உருண்டு அடியில புள்ளியாத் தங்கிடும்."

"அப்ப வைரஸ் வளரவே இல்லியா?" என்றார் விருத்தகிரி.

"அதுக்குத் தனியா வளரத் தெரியாதுங்க. உயிருள்ள செல்லுல ஒட்டி, உள்ள பூந்து, அந்த செல்லையே வேலை வாங்கித்தான் பெருகும்."

"எங்க மச்சான் மாதிரின்னு சொல்லும்மா!"

"அதுக்குத்தான் கரு வளர்ற முட்டையில ஊசி போடறோம்."

வாசுகி ஒரு முட்டையை பல்பின் முன் பிடித்தாள். சிவப்பு நரம்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. கரு செத்திருந்தது!

இன்னொன்றை எடுத்தாள்.

"இதுவும் அதே சூட்டுப் பெட்டியில இருந்ததுதான். ஆனா ஊசியே போடாத முட்டைங்க."

அதுவும்... செத்திருந்தது!

"நான் விஷம் வச்சிருந்தா இது ஏன் சார் சாகணும்? சூடுதான் போயிருக்குது. நேத்து எனக்கு லீவு. சூட்டுப் பெட்டியை யாரு தொட்டாங்க?"

"நான்தான்!" கோதண்டபாணி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆயுத பூஜையாச்சே! சந்தனம், குங்குமம் வச்சு, சுவிட்சை அணைச்சு, பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு குடுத்தேன். விஜயதசமின்னு இன்னிக்குக் காலையிலதான் திரும்பப் போட்..."

அவர் கண் செத்த முட்டைகள் பக்கம் போனது.

"பக்கத்துச் சூளைக்காரங்க கூட வெளியில பொட்டு வச்சாங்களே தவிர, நெருப்பை அணைக்கல," என்றார் விருத்தகிரி. "கொலைகாரனே போன் பண்ணிப் போலீஸைக் கூப்புட்ட மொத கேஸு இதான் சார்!"

"ஐயோ... நாளைக்குள்ள வைரஸுக்கு எங்க போவேன்?"

"கவலைப்படாதீங்க. ஸ்டேஷன்ல பாதிப் பேரு ஃப்ளூல படுத்திருக்கான். ரெண்டு கான்ஸ்டபிளை அனுப்பி வைக்கறேன்... அவனுங்களுக்கு மட்டும் பூஜை போட்டுடாதீங்க!"