அவள் நின்று பார்த்த முகம்

போனில் மறுபடியும் ஒரு கண்ணீர் அஞ்சலி. வெண்ணந்தூர் ஆள். கறுப்புச் சட்டம், ஓரத்தில் எரியும் விளக்கு, கழுத்தில் ஒட்டவைத்த மாலை. யாரென்றே தெரியாது.

“சனியனே, உன்னைக் கேட்டனா?” என்று தள்ளிவிட்டாள் கோகிலவாணி. அடுத்தது ஓமலூர். அதற்கடுத்தது பள்ளிபாளையம்.

தப்பு அவளுடையதுதான். போன வாரம், புருஷன் வயதில் ஒருத்தன் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். பாவமே என்று கொஞ்ச நேரம் தள்ளாமல் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் எதில் நின்றாள் என்பதைப் போன் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து செத்தவர்களாகவே வருகிறார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒரே முகம். புருஷன் காளிதாஸ். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ காட்டுக்குள் கிடக்கிறான். சிக்னல் கிடைத்தால் ஒரு வீடியோ போடுவான். உயிரோடிருக்கிறேன் என்பதற்கு அதுதான் சேதி.

கடைசியாகப் பேசியபோதும் கேலிதான். “ஏம்புள்ள, ஊரே பாத்து லைக் போட்டிருக்குது. கட்டுன பொண்டாட்டிக்கு மட்டும் வரலையாக்கும்?”

“எனக்குக் காட்ட மாட்டேங்குதுங்க. எழவுதான் காட்டுது.”

“அப்ப நாஞ் செத்தாக் காட்டும், போ!” சிரித்தான். லைன் அறுந்துவிட்டது.

பொழுது சாயக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுத் தறிகள் சட்டென்று வாயடைக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் இத்தனை நேரம் பதுங்கியிருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: அடுக்களைக் குழாயின் சொட்டு, ஓட்டுக்கடியில் பல்லி, உள் அறையில் மெழுகுவத்தி முன்னால் பாடம் ஒப்பிக்கும் மகள் மதுமதி.

“அம்மா, ரிப்பன் இறுக்குது. அவுத்துடு.”

“பாடத்த முடி சாமி, வாரேன்.”

“காவிரி குட… குடகு மலையில் பிறக்கிறது.” மூக்கை உறிஞ்சினாள் மதுமதி.

ஊதுவத்தி வாசனை வந்தது. கோகிலவாணி ஏற்றவில்லை. கூடவே, ரோஜா மாலை வாடும் வாசனை.

தள்ளினாள். திருச்செங்கோடு. தள்ளினாள். பக்கத்துத் தெரு. தள்ளினாள்.

காளிதாஸ்!

சட்டமில்லை. மஞ்சள் ஹெல்மெட், புழுதி அப்பிய மீசை. “ஏம்புள்ள, என்னைப் பாரு,” என்று சிரித்து, லேசாக இருமினான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். முடிந்ததும் வீடியோ தானாக முதலிலிருந்து ஓடியது. “ஏம்புள்ள, என்னைப் பாரு.” இருமல். மறுபடி.

திரையின் ஓரம் இருட்டியது. சார்ஜ் குறைகிறதோ?

இல்லை. கறுப்பு. நாலு பக்கமும்.

அய்யோ. நின்று பார்த்துவிட்டாள்.

கண்ணை இறுக மூடினாள்.

“ஏம்புள்ள, என்னைப் பாரு.” இருமல்.

“என்னைப் பாரு.” இருமலில்லை.

“பாரு.”

திறந்தாள். கழுத்தில் மாலை. ஓரத்தில் விளக்கு. கீழே, ‘கண்ணீருடன், மனைவி கோகிலவாணி.’ அதற்கும் கீழே முன்பின் தெரியாதவர்களின் கும்பிட்ட கைகள், ஈ மொய்ப்பதுபோல் கூடிக்கொண்டே போயின.

போனை வீசியெறிந்தாள். சுவரில் மோதி மல்லாந்து விழுந்தது. வெளிச்சம் அணையவில்லை.

விரல் படாமலே காளிதாஸ் மேலே நகர்ந்தான். கீழிருந்து இன்னொரு சட்டம் ஏறி வந்தது. அதற்குள் நேர்வகிடு. ரெட்டைச் சடை. சிவப்பு ரிப்பன்.

பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

“காவிரி குட… குடகு மலையில் பிறக்கிறது.” உள் அறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“காவிரி குட… குடகு மலையில் பிறக்கிறது.” அதே உறிஞ்சல்.

“காவிரி குட…”