வீடு மாறி வந்தவள்

மேப்பிள் தெரு, இருபத்தேழாம் எண். பூந்தொட்டிக்கு அடியில் சாவி. வீடு நிறைய அட்டைப்பெட்டிகள்.

டொரன்டோவிலிருந்து ஒரு பெண் போனில் சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. முதியோர் இல்லத்துக்குப் போய்விட்ட அவளுடைய அப்பாவின் வீடு. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், மொத்தமா ஒழிச்சுக் கொடுத்துடுங்க" என்றிருந்தாள்.

மொய்ராவின் தொழிலே அதுதான். அடைசலாகிப்போன வீடுகளைக் காலி செய்து கொடுப்பாள். மழைக்கோட்டைக் கதவில் மாட்டினாள். செம்பட்டைக் கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டாள். காலை எட்டு மணிக்கே வேலையில் இறங்கிவிட்டாள்.

சமையலறையில் ஈரம் காயாத ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. அதைப் பார்த்தபோதாவது அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்... யோசிக்கவில்லை. கழுவி வைத்துவிட்டு அலமாரியை அடுக்கினாள். பதினோரு மணிக்குப் பழைய பொருள் கடையின் வேன் வந்து, முதல் தவணையாக நான்கு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது.

ஐந்தாவது பெட்டியை அவள் தூக்கியபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருங்க நீங்க?"

திரும்பினாள். வாசலில் ஒருவன் நின்றிருந்தான். துறைமுகப் படகு ஊழியர்களின் கருநீலச் சட்டை. தொப்பியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள்... சாம்பலா, பச்சையா? ஏப்ரல் மாதத்துக் கடல் மாதிரி, எந்த நிறமென்று முடிவு செய்யாத கண்கள்.

"நான் மொய்ரா. வீட்டை ஒழிக்க வந்திருக்கேன். நீங்க அந்தப் பெரியவருக்குச் சொந்தமா?"

"எந்தப் பெரியவர்? இது என் வீடு."

"மேப்பிள் தெரு இருபத்தேழுதானே?"

"மேப்பிள் சந்து இருபத்தேழு. தெருவுக்கு இன்னும் ரெண்டு திருப்பம் போகணும்."

மொய்ராவின் கையிலிருந்து பெட்டி நழுவியது. முகம் காதுவரை சிவந்தது. "ஐயோ கடவுளே... சாவி தொட்டிக்கு அடியிலதான் இருந்துச்சு..."

"இந்த ஊர்ல எல்லார் சாவியும் தொட்டிக்கு அடியிலதாங்க இருக்கும்."

"போலீஸைக் கூப்பிடப் போறீங்களா?"

அவன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். அலமாரிக் கதவை ஒருமுறை திறந்து மூடினான். மறுபடியும் திறந்து மூடினான்.

"ஆறு வருஷமா இந்தக் கதவு ஒழுங்கா மூடினதே இல்ல, இப்போ மூடுது. கூப்பிட்டாலும் என்னன்னு சொல்றது? பூட்டைத் திறந்து உள்ள வந்து, பாத்திரம் கழுவி வச்சிட்டாங்கன்னா?"

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண்கள் கூடத்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தன.

"பதினொண்ணு இருந்துச்சே... மத்த நாலு எங்க?"

அடுத்த நிமிடம் இருவரும் அவனுடைய சரக்கு வண்டியில் பழைய பொருள் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் பெயர் லூசியன் கோமோ. இந்தக் கரை டார்ட்மவுத்துக்கும் எதிர்க்கரை ஹாலிஃபாக்ஸுக்கும் நடுவே ஓடும் படகில் கயிறு வீசிக் கட்டுவதும், பயணிகள் ஏறி இறங்கப் பலகை இறக்குவதும் அவன் வேலை. கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சாலையை விட்டுப் பார்வையை எடுக்காமலே அவன் சொன்னான்.

"அந்தப் பெட்டியெல்லாம் டெனீஸோடது. என் மனைவி... முன்னாள் மனைவி. ஆறு வருஷம் முன்னாடி கால்கரிக்குப் போனா. 'பெட்டி இங்கயே இருக்கட்டும், ஆள் அனுப்பறேன்'னா. நானும் சரின்னேன்."

"ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கலையா?"

"அடுத்தவங்க பெட்டியை எப்படிப் பிரிக்கறது?" சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். "சில பேருக்கு அது வழக்கம் போல."

"நானும் பிரிக்கலை சார்! தூக்கித்தான் கொடுத்தேன்."

"அப்போ சரி, குத்தம் பாதிதான்."

மொய்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பதை அவன் பார்த்துவிடக்கூடாதே... அப்புறம் மெல்லக் கேட்டாள். "இன்னும் அவங்களுக்காகக் காத்திருக்கீங்களா?"

"அவளுக்காக இல்ல. கொடுத்த வார்த்தைக்காக."

எத்தனையோ வீடுகளில், பொருட்களை ஒழிக்காததற்கு எத்தனையோ சாக்குகளைக் கேட்டவள் அவள். எப்போதாவது உதவும், விலை அதிகம், ராசியான பொருள்... இந்தக் காரணத்தை மட்டும் அவள் கேட்டதில்லை. அவளுக்குள் எங்கோ லேசாக வலித்தது.

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரி பெர்னிஸ் மேசைக்குப் பின்னாலிருந்து கைகளை விரித்தாள். "வாடி கண்ணு, ரொம்ப லேட்டு. மூணு பெட்டி அப்படியே இருக்கு. நாலாவதைப் பிரிச்சுக் கொட்டிட்டோம். பாதி வித்தே போச்சு."

லூசியன் வெளிறிப்போனான். ஓரமாகப் போய், ஆறு வருடமாகக் கூப்பிடாத டெனீஸின் எண்ணைக் கூப்பிட்டான். அவனுடைய பழைய போன் ஊருக்கே கேட்கும்படி இரைந்தது.

"பெட்டியா? என்ன பெட்டி?" பிறகு கலகலவென்று சிரிப்பு. "ஐயோ லூசியன்... அதையா இன்னும் வச்சிட்டிருக்க? நான் வந்த வாரமே மறந்துட்டேன். பழைய திரைச்சீலையும் மூடி இல்லாத பாத்திரமும்தான்... தூக்கிப் போடுப்பா!"

போனை மெதுவாகப் பையில் போட்டான் லூசியன். பெர்னிஸ் சட்டென்று சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று மொய்ராவின் மனம் துடித்தது. வாயில் வந்ததோ தொழில் பேச்சு. "நல்லதாப் போச்சு. இனி மிச்சத்தையும் நிம்மதியா ஒழிச்சுடலாம்."

அவன் அவளைப் பார்த்தான். கண்களில் கடல் இல்லை, வெறும் சாம்பல்தான் இருந்தது.

"உங்களுக்கு எல்லாமே குப்பைதான், இல்ல? எதையாவது வச்சிருந்தாத்தானே அதை விடறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்."

"வரேன்" என்றாள் மொய்ரா. மழைக்கோட்டு அவன் வீட்டுக் கதவிலேயே தொங்கியது. இருந்தும் நனைந்துகொண்டே நடந்தாள்.

அவளுடைய அறையில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கோப்பை. அன்று மாலை அந்த ஒற்றை நாற்காலியில் அமர்ந்து சுற்றிப் பார்த்தாள். சரியாகத்தானே சொன்னான்... அதனால்தான் அழுகை வந்தது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் இவளுடைய அறையைப் பார்த்தால் கைதட்டுவார்கள். இவன் ஒருவன்தான் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டான்.

மூன்று வாரம் அவள் படகுப் பக்கமே போகவில்லை. பாலத்து வழியாக, சுற்றிப்போகும் பேருந்தில் போனாள். நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை பாலத்தைப் பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். எதிர்க்கரையில் வாடிக்கையாளர் காத்திருந்தார். வேறு வழியில்லை.

படகின் வாயிலில் அவன்தான் நின்றிருந்தான். தலையைக் குனிந்தபடி அவனைக் கடந்து, ஆளில்லாத மேல்தளத்துக்குப் போய்விட்டாள். தூறல் விழுந்தது. படகு கரையை விட்டு நகர்ந்ததும் படிக்கட்டில் காலடி ஓசை கேட்டது.

"பெட்டியெல்லாம் போயிடுச்சு" என்றான் லூசியன்.

"யாரை விட்டு ஒழிச்சீங்க?"

"நானேதான். ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன். ஒரு கரண்டிகூட எனக்கு வேணுங்கறது இல்ல அதுல." இரண்டு கம்பி தள்ளி, அவனும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. அவமேல காட்ட முடியாததை உங்கமேல காட்டிட்டேன். பெர்னிஸ் உங்க முகவரியைக் கொடுத்திருந்தா உங்களைத் தேடியே வந்திருப்பேன்."

மொய்ரா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பில்ல. நிஜம்தான். எங்கிட்ட எதுவுமே இல்ல." கைப்பிடியில் நின்ற தூறல் துளிகளை விரலால் வழித்துவிட்டாள். "எனக்கு ஒன்பது வயசுல அம்மா போயிட்டாங்க. அரசாங்கம் வளர்ப்பு வீட்டுல விட்டுச்சு. பதினெட்டு வயசுக்குள்ள ஏழு வீடு. ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு கறுப்புக் குப்பைப் பை கொடுப்பாங்க. அதுல அடங்கறதுதான் என்னோடது. அடங்காததை விட்டுட்டுப் போகணும்... பழகிடுச்சு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவனிடம் மட்டும் ஏன் வந்தது?

அவன் பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. தன் தொப்பியைக் கழற்றி, நனைந்துகொண்டிருந்த அவள் தலையில் வைத்தான்.

"நீ வந்த அன்னிக்குக் கதவைத் திறந்தேனே... உள்ள யாரோ பெட்டி நகர்த்தற சத்தம். திருடனா இருக்கும்னுதானே தோணணும்? எனக்குத் தோணல, மொய்ரா. வீட்ல ஆள் இருக்காங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷத்தை மூணு வாரமா நினைச்சிட்டிருக்கேன்."

"என்ன... திடீர்னு 'நீ'ங்கறீங்க?"

"தப்பா?"

"இல்ல... அப்படியே இருக்கட்டும்."

கரை நெருங்கிவிட்டது. அவன் கீழே ஓட வேண்டும், கயிறு வீச வேண்டும். ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றான். அந்தக் கண்களில் இப்போது பச்சை தெரிந்தது.

அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது...

"எதை விட்டுட்டுப் போறதுக்கும் நான் யோசிச்சதே இல்ல, லூசியன். உங்களை மட்டும் விட முடியல. மூணு வாரமா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்... முடியல."

கீழிருந்து கேப்டன் கத்தினார். "கோமோ! கயிறு யாருப்பா போடறது? உங்க மாமாவா?"

அவன் படிகளில் தாவி ஓடினான். பலகை இறங்கியது. பயணிகள் குடைகளை விரித்துக்கொண்டு கலைந்தார்கள். மொய்ரா வாடிக்கையாளரைப் போனில் அழைத்து, திங்கட்கிழமை வருவதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு கம்பிமேல் சாய்ந்து கீழே பார்த்தாள். கையில் ஈரக் கயிற்றோடு அவன் அண்ணாந்து நின்றான்.

"இறங்கலையா?"

"உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும்?"

அந்த 'உனக்கு' அவன் காதில் விழுந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்து போனது.

"மூணு மணிக்கு! அதுவரைக்கும் இன்னும் எட்டுத் தடவை போய்ப் போய் வரணுமே..."

"போ" என்றாள் மொய்ரா. "நான் இங்கயேதான் இருப்பேன்."