துரை நெற்றியில் குங்குமம்

தேயிலை மலை ஊரான ரிங்லெட் டவுனில் அன்பரசியின் வீட்டுக்கு ரஞ்சிதம் அழுதுகொண்டு வரவில்லை, கொதித்துக்கொண்டு வந்தாள்.

“எங்க வூட்டுக்காரரு திருடனாம்க்கா! பங்களாச் சுவத்துல இருந்த, அதக் கட்டுன வெள்ளக்காரத் துரை முகம் பொறிச்ச பித்தளத் தகடு எங்க கட்டிலுக்கு அடியில கெடந்துச்சாம். நாளைக்குள்ள எஸ்டேட்டு லயத்து வீட்டக் காலி பண்ணணுமாம். பங்களா ஹோட்டலாவுதாம், லயத்து எடத்துல அதுக்குக் கார் பார்க் வருதாம். ஆயுத பூசைன்னா லோரிக்கும் கேட்டுக்கும் வச்ச கையோட துரை நெத்தியிலயும் குங்குமம் வச்ச மனுசன் திருடுவாரா?”

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன்ட் அன்பரசி செருப்பை மாட்டுவதற்குள், பக்கத்து வீட்டு லோரிக்காரன் புவனேஸ் ரஞ்சிதத்தை ஏற்றி வண்டியைக் கிளப்பிவிட்டான். துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

பங்களாவில் எஸ்டேட் மேனேஜர் வசந்தன் அலமாரியில் சாய்ந்து நின்று துரை புராணம் பாடினார். டங்கன் மெக்காரா, ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர். சொந்த ஊரில் ஒரு மீன் கிடங்கும், மணி மாட்ட இடமில்லாத ஒரு மணிக்கூண்டும் கட்டியவர். பிறகு அங்கே யாரும் வேலை தராமல் கப்பலேறி வந்து கட்டியதுதான் இந்தப் பங்களா. வெண்பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்துக் கூரை வேறு! இந்த மலையில் எந்தக் காலத்தில் வெண்பனி கொட்டியது என்று அன்பரசி கேட்கவில்லை. கூடத்தில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளிகளே மேதையின் லட்சணத்தைச் சொல்லின.

“லயத்து ஜனங்களுக்கு இவரு அருமை என்ன தெரியும்?” என்றார் வசந்தன். அவர் தாத்தா பிறந்ததே அந்தக் கூலி லயத்தில்தான்.

தகடு மேசைமேல் கிடந்தது. “பளபளன்னு இருக்குலா! விக்கத் தேச்சிருப்பாரோ?” என்றான் புவனேஸ்.

அன்பரசி தகட்டின் எழுத்துப் பள்ளங்களை நகத்தால் சுரண்டினாள். ஒன்றும் வரவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தாள். தகடு இருந்த இடத்துக்குக் கீழே, வெள்ளையடித்தும் மறையாமல் சிவப்புக் கறை வழிந்திருந்தது. திரும்பி வந்தாள்.

“இது நகல், மேனேஜர். அத்தன வருசக் குங்குமம் சுவத்த விட்டே போகல. எவ்வளவு தேச்சாலும் தகட்டுல மூக்கோரத்துலயாவது ஒட்டியிருக்கணும். இது பூசையே பார்க்காத தகடு.”

“அவனே நகல் செஞ்சிருப்பான்!”

“திருடன் அசலத் தூக்கிட்டு ஓடுவான். நகல் செஞ்சு தன் கட்டிலடியில வைப்பானா? வீட்டக் காலி பண்ண உங்களுக்குத்தான் பழி வேணும். ஆனா துரையோட நெச முகத்தக் கூலிக்காரன் கட்டிலடியில போட மனசு வரல. அவங்க குங்குமம் வைக்கிறத நீங்க ஒரு நாளும் நின்னு பார்த்ததில்ல, அதான் நகல்லயும் அது இருக்கணும்னு தோணல. நாங்க வந்ததுலேருந்து அந்த அலமாரிய வுட்டு நகரவும் இல்ல. தெறங்க.”

உள்ளே வெல்வெட் துணியில் டங்கன் மெக்காரா படுத்திருந்தார், மூக்கோரம் சிவப்பாக. புவனேஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று வசந்தன் முனகினார். தகட்டைப் பழைய இடத்தில் மாட்டி, மறுபடி பூசை செய்யலாம் என்றும் குழைந்தார்.

ரஞ்சிதம் வாளிகளைப் பார்த்தாள்.

“எங்க வூடு ஒழுகலைங்க. ஒழுகுற வூடு கட்டுனவர நீங்களே கும்பிட்டுக்குங்க.”