மூன்று பேருக்கும் ஒரே ஞாபகம்

பல் டாக்டர் தன் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னவர்... வாயைத் திறந்தபடியே!

பூட்டிய கதவை உடைத்து உள்ளே போனவர் இன்ஸ்பெக்டர் அம்மா. வேறு யாரையும் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

வெளியே, கான்ஸ்டபிள் மாட்டிய விலங்கோடு ஏசி மெக்கானிக் அழுதுகொண்டிருந்தான்.

"கொலை நடந்தப்ப நான் கீழ வாட்ச்மேன்கூட பேசிட்டிருந்தேன் மேடம். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம்."

எப்படி நம்புவார்கள்? காத்திருப்பு அறையில் மூன்று சாட்சிகள் இருந்தார்களே! போலீஸ் வரும்வரை கூடி உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு ஒரு ஞாபகத்தைச் சமைத்து முடித்திருந்தார்கள்.

"மெக்கானிக் வேகமா ஓடினான்," என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

"சட்டையெல்லாம் ரத்தம்," என்றார் பல்வலிக்கு வந்த வாத்தியார்.

"ஆமா, ரத்தம். நானும் பாத்தேன்." அவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நாங்க மூணு பேரும் இங்கயேதான் டிவி பாத்துட்டிருந்தோம்," என்றார் டாக்டரின் மச்சான். கிளினிக்கில் பாதிக்குப் பங்குதாரர்.

"ஆமா, சார் என் பக்கத்துலதான் இருந்தார்," என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கின் சட்டையைப் பார்த்தார். கிரீஸ்.

"சரி. டாக்டர் கத்தினதும் உள்ள கண்ணாடி உடைஞ்சுதே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம். சுக்குநூறா உடைஞ்சுது," என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

"ரெண்டு தடவை," என்றார் வாத்தியார்.

"வாட்ச்மேனுக்கும் கேட்டிருக்கு. அப்ப மெக்கானிக் அவர் பக்கத்துலதான் நின்னிருக்கான். இவனை விட்டுட வேண்டியதுதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்குச் சாவி வெளியே வந்தது. மச்சான் குறுக்கே வந்தார்.

"மேடம், கண்ணாடியும் உடையல, மண்ணும் உடையல. இவங்களா ஏதோ உளறுறாங்க. ட்ரே மட்டும்தான் விழுந்துச்சு. அதுவும் ரப்பர் மேட் மேல. சத்தமே வந்திருக்காது."

வாத்தியாருக்குப் பல்வலியே மறந்துபோனது.

"கரெக்ட்," என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணாடி நான் விட்ட கதை. ட்ரே மேட் மேலதான் கிடந்துச்சு. ஆனா பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் டிவி பாத்துட்டிருந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

மச்சான் திறந்த வாயோடு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"இப்ப யோசிச்சா..." ரிசப்ஷனிஸ்ட் இழுத்தாள். "டாக்டர் கத்தினதுக்கு அப்புறம்தான் சார் டாக்டர் ரூமோட பின்வாசல் வழியா சுத்தி வந்து உக்காந்தார்."

மெக்கானிக்கின் கையிலிருந்த விலங்கு மச்சானின் கைக்கு மாறியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"பொய் சாட்சி சொன்னவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொன்னவர் மட்டும் ஜீப்ல ஏறுங்க."