மஞ்சள் கரைத்த தொட்டி

காலை ஆறரைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். கழிவறையை விட்டு வெளியே வந்து, ஈரக் கையோடு வாசற்கதவின் மேலிருக்கும் விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். பச்சை எரிந்தால் சட்டை மாட்டலாம், பஸ் ஏறலாம், கம்பெனி கேட் திறக்கும். சிவப்பு எரிந்தால் கதவு தானே தாழ் போட்டுக்கொள்ளும். அப்புறம் இருபத்தொரு நாளைக்குச் சோறும் மருந்தும் கதவிலுள்ள சின்னத் திறப்பு வழியாகத்தான் உள்ளே வரும்.

நான் தவமணி. கோவை ஒண்டிப்புதூர் அடுக்குமாடிகளில் பதினாறு வருஷமாகக் கழிவறை ரிப்பேர் பார்க்கிறேன். என் அட்டையில் 'சோதனைப் பீடப் பராமரிப்பாளர், உரிமம் பெற்றவர்' என்று பவிசாக எழுதியிருக்கும். கூப்பிடுகிறவர்கள் 'கக்கூஸ்காரக்கா' என்பார்கள். இரண்டு பெயருக்கும் ஒரே ஸ்பேனர்தான்.

குடிதண்ணீரில் காமாலை பரவித் தெருத்தெருவாக ஆளைக் கொண்டுபோன வருஷத்தை நாங்கள் 'மஞ்சள் வருஷம்' என்போம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு கழிவறையில் இந்தச் சோதனைப் பீடம் வந்தது. உட்காருகிறவரின் எடையை வைத்து ஆளை அடையாளம் கண்டு, சிறுநீரைச் சோதித்து, அன்றைய நலச்சான்றை அனுப்பிவிடும். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது நின்று ஒன்பது வருஷமாகிறது. பீடம் சொன்னால் சொன்னதுதான். சாமிக்கு வைக்கிறார்களோ இல்லையோ, பீடத்துக்குப் பொட்டு வைக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. மஞ்சள் நூல் சுற்றிய கொட்டைப்பாக்கை நேர்ந்துகொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் போடுகிறவர்களும் உண்டு. பச்சை எரிய வேண்டுமாம். அது போய் அடியில் சிக்கிக்கொண்டு என் உயிரை வாங்கும்.

புதன்கிழமை காலை பதினோராவது மாடியிலிருந்து ருக்மணி என்ற பெண் கூப்பிட்டாள். தொட்டியில் ராத்திரி பகலாக 'உஸ்' என்று தண்ணீர் ஓடுகிறதாம். போனால், கதவைத் திறந்தது அவள் புருஷன் சென்னியப்பன். மோட்டார் கம்பெனியில் ஃபிட்டர். ஐம்பது வயதிருக்கும். காலை வேளையிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

"பெரிய சத்தம் ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கெழம கழிஞ்சு பாத்துக்கலாமுங்க," என்றார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் ஓடுனா மேல்தொட்டி காலியாயிருமுங்க. அப்புறம் மாடி பூரா உங்களத்தான் வையும்," என்றேன். ஆம்பிளைகளுக்கு ரிப்பேர் என்றாலே தள்ளிப்போடத்தான் தெரியும் என்று எனக்கு எரிச்சல்.

உள்ளேயிருந்து ருக்மணி மெல்ல நடந்து வந்தாள். முகம் ஊதி, கால் வீங்கி, கையில் சுத்திகரிப்பு ஊசியின் தழும்புகள். "நீங்க வாங்க்கா. அவரு அப்படித்தான் சொல்லுவாரு," என்றாள். ஐந்து வருஷமாக வாரம் மூன்று நாள் வண்டி வந்து அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அதிகாலை சென்னியப்பனின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கப் போகிறார்கள். அதற்குக் கொடுப்பவர் வீட்டுப் பீடத்தில் முப்பது நாள் விடாமல் பச்சை எரிய வேண்டும். அன்றைக்கு இருபத்தொன்பதாவது நாள்.

"நடுவுல பீடம் கெட்டுப்போச்சுன்னா மறுபடியும் ஒண்ணுலயிருந்து எண்ணணுமாமுங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்குது," என்றாள் ருக்மணி. அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

நோயறிக் கருவியைப் பீடத்தில் சொருகினேன். 'குறை எதுவும் இல்லை' என்று காட்டியது. காதுபட உஸ் என்று ஓடுகிறது, குறை இல்லையாம். இந்தக் கருவிக்கும் எனக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்தான். தொட்டியின் மூடியைத் தூக்கினேன். மிதவை சரியாக இருந்தது. தண்ணீர் வழிந்தோடும் குழாய்க்குக் கீழேதான் மட்டம் நின்றது. அப்படியானால் அடித் துளையை மூடும் ரப்பரில்தான் கசிவு. அதை உறுதி செய்ய ஒரே வழி, தொட்டியில் சாயம் கரைத்துவிட்டுக் கால்மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருப்பது. கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் ரப்பர் ஒழுகுகிறது என்று அர்த்தம். துறை தரவேண்டிய சாய மாத்திரை ஆறு மாசமாக வரவில்லை.

"ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் குடும்மா," என்றேன்.

விதிப்படி தப்பு. பீடத்தின் தொட்டியில் வெளிப்பொருள் எதையும் கலக்கக்கூடாது. ஆனால் ஆறு மாசமாக நான் இப்படித்தான் செய்கிறேன். என்னைப்போல் இருக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கால்மணி நேரத்தில் கிண்ணம் மஞ்சளாகிவிட்டது. தண்ணீரை அடைத்து, தொட்டியைக் காலிசெய்து, ரப்பரைத் தூக்கினால் அடியில் ஒரு பாதிக் கொட்டைப்பாக்கு. மஞ்சள் நூல் சுற்றி, அந்த நூலை ரப்பரைத் தூக்கும் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். பாவம், புருஷன் உயிர் பிழைக்க வேண்டும், பெண்டாட்டி உயிர் பிழைக்க வேண்டும், நேராமல் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேர்ந்த பொருளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கருவிப் பெட்டியின் ஓரப் பையில் வைத்துக்கொண்டேன். ரப்பரை மாற்றி, மஞ்சள் போகும்வரை ஐந்து முறை ஃப்ளஷ் செய்துவிட்டுக் கிளம்பினேன். உஸ் சத்தம் நின்றுவிட்டது. ருக்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பன் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ருக்மணியிடமிருந்து அழைப்பு. "அக்கா, செவப்பு எரியுதுங்க்கா. அவருக்குக் காமாலைன்னு போட்டுருக்குது. கதவு சாத்திருச்சு. ஆஸ்பத்திரில நாளைக்கு இல்லைன்னுட்டாங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "நீங்க மஞ்சத்தூள் போட்டீங்களே, அதனாலயாக்கா?"

மஞ்சள் எங்கேயாவது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். பீடம் அதைக் காமாலை என்று எடுத்துக்கொண்டிருக்கும். ஆறு மாசமாக ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு மனசு சொல்லியது. ஆகக்கூடாத இடத்தில் பார்த்து ஆகியிருக்கிறது என்று இன்னொரு மனசு சொல்லியது. ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளில் ஒரு பெண்ணைச் சாகடித்துவிட்டோமே என்று பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன்.

மண்டல அலுவலகத்தில் கண்காணிப்பாளர் இன்பராஜ் என்பவர் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நடந்ததைச் சொன்னேன்.

"மனிதக் காரணம்னு வாக்குமூலம் குடுக்கறீங்களா? உரிமம் உள்ளவங்க குடுத்தா பீடத்தோட முடிவு ரத்தாயிரும். முப்பது நாள் கணக்கும் முழுசாயிரும். ஆனா உங்க உரிமம் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைப்போம். அதுவரைக்கும் பீடம் சம்பந்தமா நீங்க என்ன சொன்னாலும் செல்லாது. குடுத்ததத் திருப்பி வாங்கவும் முடியாது. யோசிச்சுக்கங்க."

"இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது," என்று கைரேகை வைத்தேன்.

அவர் முத்திரை குத்தினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பீடம் மஞ்சத்தூளுக்கு ஏமாறாதே? சாம்பார் திங்கற ஊருக்குன்னு செஞ்சதுங்க அது. காமாலைக்குன்னு உள்ள பொருளத்தான் தேடும். நெறத்தப் பாக்கறதில்ல," என்றார்.

"அப்ப ஏனுங்க முத்திரை குத்துனீங்க?"

"சட்டம் உங்க வார்த்தையத்தான் நம்பச் சொல்லுது. என் சந்தேகத்த இல்ல."

வெளியே வந்தபோது ருக்மணி மறுபடி கூப்பிட்டாள். பச்சை வந்துவிட்டதாம். நாளை அதிகாலை ஐந்து மணிக்கு வண்டி வருகிறதாம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எந்தச் சாமி பெத்துதுங்க்கா உங்கள," என்றாள்.

பஸ்ஸில் கருவிப் பெட்டி மடியிலேயே இருந்தது. இனி ஒரு வருஷத்துக்கு இது எதற்கு என்று திறந்து பார்த்தவள், அந்தக் கொட்டைப்பாக்கை எடுத்தேன். காய்ந்திருந்தது. நேர்ந்து போடுகிறவர்கள் முழுப் பாக்கைத்தான் போடுவார்கள். இதைப் பாதியாக அறுத்து, ஒரு பக்கத்தை அரத்தால் ராவிச் சரிவாக்கியிருந்தார்கள். ரப்பருக்கு அடியில் ஒரு நூலளவு இடைவெளி விட எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான். நூல் முடிச்சை நகத்தால் பிரித்தேன். முடிச்சின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அது மஞ்சள் நூல் இல்லை. வெறும் தையல் நூல். நான் கரைத்த மஞ்சளில்தான் அது மஞ்சளாகியிருக்கிறது.

அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ரப்பர் கொஞ்சமாக ஒழுகினால் கிண்ணத்தில் எப்போதும் புதுத்தண்ணீர் கலந்துகொண்டே இருக்கும். பீடத்துக்குக் கிடைக்கும் சிறுநீர் நீர்த்துப்போகும். 'நிறையத் தண்ணீர் குடிக்கிறார், நல்ல பழக்கம்' என்று அது பச்சை போட்டுவிடும். அந்த ஒழுகலை நான் நிறுத்தினேன். மறுநாள் காலையிலேயே உண்மை தெரிந்துவிட்டது. அந்த உண்மையை ஒரு கைரேகையால் அழித்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடினேன்.

பதினோராவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் மணி ஐந்தரை. கதவைச் சென்னியப்பன்தான் திறந்தார். கறுப்புக் கண்ணாடி. உள்ளே ருக்மணி ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நான் உள்ளங்கையை விரித்துப் பாக்கைக் காட்டினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"பன்னெண்டு நாளாச்சுங்க. மூத்தரம் டீத்தண்ணியாட்டம் போச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு." குரலை அடக்கிக்கொண்டார். "அஞ்சு வருசமுங்க. வேற ஒருத்தருதும் அவளுக்குப் பொருந்தல. போன மாசம் வண்டில வந்த டாக்டரு இனி ஆறு மாசம் தாங்காதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. எனக்கு ஈரல்லதானுங்க நோவு. குடுக்கறது கிட்னி. அது வேற, இது வேற இல்லீங்களா?"

"எனக்குக் கொழாயத்தானுங்க தெரியும். மேல்தொட்டித் தண்ணி கெட்டுப்போயிருந்தா, எந்த வீட்டுக் கொழாயக் கழட்டி எங்க மாட்டினாலும் அதுக்குள்ள இருக்கறது அந்தத் தண்ணிதான். அந்தப் புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியக் கொறைக்க மருந்து வேற குடுப்பாங்க. உங்க காமாலை அவள ஒரு வாரம் விட்டுவெக்குமா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வேள ஒண்ணும் ஆகாமப் போயிட்டா? நீங்க எதையும் பாக்கலைன்னு நெனச்சுக்கங்க. காலுல வேணா விழுகறேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. உரிமம் போயாயிற்று. என் வார்த்தை இனி எங்கேயும் செல்லாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கத்தினாலும் பீடம் பச்சை என்கிறது என்பார்கள். அந்தப் பச்சையை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். ஊருக்கெல்லாம் ஒழுகலை அடைக்கிற எனக்கு இதை எப்படி அடைப்பது என்று தெரியவில்லை. அவர் கையை உதறவும் முடியாமல் நின்றேன்.

"ஏனுங்க, கண்ணாடியக் கழட்டுங்க."

ருக்மணி கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மடித்த துண்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவர் அசையவில்லை. அவளே வந்து கண்ணாடியை எடுத்தாள். கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் வருஷத்தைத் தாண்டி வந்த எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பீடம் வருவதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணின் வெள்ளை, நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள் கரு நிறத்தில் இருந்தது.

"பன்னெண்டு நாளு மருந்தில்லாம இருந்திருக்கீங்க," என்றாள்.

"ருக்கு, நாளைக்கு ஒரு நாளுதான். அப்புறம் எனக்கு வைத்தியம் பாத்துக்கலாம்."

"இந்த ஈரல வெச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுத்தா நீங்க எந்திரிப்பீங்களா? எந்திரிக்கலைன்னா நான் எதுக்கு எந்திரிக்கோணும்?" அவள் குரல் உயரவே இல்லை. கழிவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். "காலைச் சோதனைதான் ரத்தாயிருச்சே, பீடம் மறுபடியும் பாக்கட்டும். உள்ள போயிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சின்னப் பிள்ளைபோல அழுதார். ஐந்து வருஷமாக அவள் முன்னால் அழுததில்லை என்று பின்னால் அவளே சொன்னாள். பிறகு உள்ளே போனார்.

ருக்மணி கழிவறைக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க கெளம்புங்க்கா. செவப்பு வந்துதுன்னா கதவு சாத்திக்கும். இருபத்தோரு நாளு."

"ஒரு வருசத்துக்கு எனக்கு என்ன வேல இருக்குது," என்று நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவருக்குக் கொணமாக மாசக்கணக்கு ஆகுமில்லீங்க்கா? அப்புறம் முப்பது நாளு ஒண்ணுலயிருந்து எண்ணோணும்." அவள் விரலை மடக்கி எண்ணினாள். நானும் மனசுக்குள் எண்ணினேன். அந்த டாக்டர் சொன்ன ஆறு மாசத்தை அவள் கேட்டிருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு தடவை எண்ணிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஃப்ளஷ் போட்ட சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்தது. மிதவை மேலே வந்து தண்ணீரை நிறுத்தியது. நான் பழக்கதோஷத்தில் காதைக் கூர்மையாக்கினேன். உஸ் என்ற சத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ரிப்பேர் நன்றாகத்தான் பார்த்திருந்தேன். வாசற்கதவின் மேல் சிவப்பு எரிந்து, தாழ் விழுந்தது.