படுக்கைப்புண் வராத வீடு

மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மாடிவீட்டின் கேட்டை நோரா திறந்தபோது மதியம் பன்னிரண்டரை மணி. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வந்திருந்தாள். முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குச் சாப்பாட்டு வேளையில், சொல்லாமல் போகவேண்டும். முதலில் மூக்கை நம்பவேண்டும். பிறகு போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கவேண்டும்; அங்கே சிவந்திருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அது.

நோராவின் அப்பா கில்பர்ட்டுக்கு எழுபத்துமூன்று வயது. பக்கவாதம் வந்து வலதுபக்கமும் பேச்சும் போய்விட்டன. விவேக் நகரில், இரண்டாவது மாடியில், அப்பாவும் மகளும் மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் திருப்ப ஆள் இல்லை. ஒரே மாதத்தில் அவர் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது.

ஏற்கெனவே இரண்டு இடங்கள் பார்த்துவிட்டாள். ஒன்றில் வாசலிலேயே மூத்திர நெடி. ஒருவரின் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவைத்திருந்தார்கள். மற்றொன்று நன்றாக இருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு அங்கே இடம் இல்லை.

இந்த வீட்டில் எந்த நாற்றமும் இல்லை. மருந்து வாடைகூட இல்லை.

அந்த இடத்தை நடத்தும் மமதா அவளை மேலே அழைத்துப்போனாள். நீளமான ஹால். பன்னிரண்டு கட்டில்கள், ஒன்று காலி. விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை. பதினோரு பேரும் இடப்பக்கமாகத் திரும்பி, கண்களை மூடிப் படுத்திருந்தார்கள். நோரா ஒவ்வொரு குதிகாலாகப் பார்த்தாள். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

"எத்தனை அட்டெண்டர் மேடம்?"

"ரெண்டு பேர்."

"ரெண்டே பேரா? இத்தனை பேரையுமா திருப்பறாங்க?"

மமதா ஜன்னல் திரையைச் சரிசெய்தபடி கன்னடம் கலந்து சொன்னாள். "நோடி மேடம், பேஷண்ட் எப்படி இருக்காங்கன்னு மட்டும் பாருங்க."

மமதா முன்னால் இறங்கிப் போனதும், ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவர் நோராவின் துப்பட்டாவைப் பிடித்தார். தலைமாட்டு அட்டையில் சீனிவாசராகவன் என்று எழுதியிருந்தது.

"உங்க தோப்பனாரா வரப்போறார்?" என்று கிசுகிசுத்தார். "கண்ணை மூடிக்கச் சொல்லுங்கோ. திருப்பறச்சே பாக்கப்படாது."

வயதான மனசு, ஏதோ உளறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

எட்டாவது நாள், மறுபடியும் சொல்லாமல், மதியம் வந்தாள். அட்டெண்டர்கள் இருவரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோரா மாடி ஏறினாள்.

ஹால் முழுக்க வெயில். தெருவில் யாரோ கொத்தமல்லி கூவி விற்கும் குரல்.

முதல் கட்டில் கிரீச்சிட்டது.

விரிப்பு சட்டென்று இழுபட்டது. அதில் படுத்திருந்த அம்மாளின் உடல் மெல்ல எழும்பி, வலப்பக்கம் திரும்பி, அடங்கியது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் யாரும் இல்லை.

இரண்டாவது கட்டில்.

மூன்றாவது.

வெகுநாள் மூடிவைத்த ஈரத்துணியின் வாடை ஒன்று, கட்டில் கட்டிலாக நகர்ந்து வந்தது.

கடைசிக் கட்டிலில் அப்பா. அவர் கண்கள் மட்டும் திறந்திருந்தன.

நோரா ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்தாள். "டாடி, நான் இருக்கேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார். வாய் கோணித் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஏதோ ஒன்று அவள் விரல்களை அவர் கையிலிருந்து பிரித்தது. ஒவ்வொரு விரலாக. முரட்டுத்தனமே இல்லாமல், பழகிய நர்ஸ் பிரிப்பது போல.

அப்பாவின் சதை அமுங்கி விரல் தடம் விழுவதை அவள் பார்த்தாள். தோளில் ஐந்து. இடுப்பில் ஐந்து.

முழங்காலுக்குக் கீழே இன்னும் ஐந்து.

அவர் மறுபக்கம் திரும்பிக் கிடந்தார்.

அலறிக்கொண்டு இறங்கி வந்தவளை மமதா நாற்காலியில் உட்காரவைத்தாள். "நாங்க வெச்சது இல்ல மேடம். இந்த வீட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. மொதல்ல நானும் ஓடிப்போகத்தான் பாத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒருத்தருக்கும் புண்ணு இல்ல. கூட்டிட்டுப் போறீங்கன்னா போங்க. எங்க போவீங்க?"

நோரா ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். நன்றாக இருந்த அந்த இடத்துக்குப் போன் செய்தாள். ஆறு மாதம் இப்போது எட்டு மாதமாகியிருந்தது. கைகளைக் கட்டிவைக்கும் இடத்தில் மட்டும் உடனே வரச்சொன்னார்கள்.

மேலே போய் அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். புண் மூடியிருந்தது. அந்த இடத்தில் குழந்தைக்கு இருப்பது போல இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்.

சட்டையை இறக்கிவிட்டாள். பிறகு ஆம்புலன்ஸை வேண்டாம் என்றாள். அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"கண்ணை மூடிக்கங்க டாடி. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கங்க."

அவர் அவளையே பார்த்தார். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் வந்தாள். அப்பா சுத்தமாக, முகம் தெளிந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கையைத் தொட்டாள். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"டாடி, நான்தான். நோரா."

இமைகள் இன்னும் இறுகின.

"நோராதான் வந்திருக்கேன். ஒருதரம் தொறந்து பாருங்க டாடி."

அவர் தலையை மட்டும் அசைத்தார். இல்லை, இல்லை என்று. திருப்பப்படுவதற்காக உடம்பை விறைத்துக்கொண்டு கிடந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் சீனிவாசராகவன் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"தொறக்கமாட்டார், விட்டுடுங்கோ. நாலு நாளா அதுவும் அப்படித்தான் சொல்லிண்டு வரது. இதே குரல்ல."